வெயில் விழுந்த ஓடை

செல்லப்பன் வாத்தியாருக்குக் கூரைக்குக் கீழே பாடம் நடத்தவே பிடிக்காது. மலாயாவில் தெப்ராவுக்கு உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூடம் என்பது ஓர் அத்தாப்பு ஓலைக் கொட்டகை. மத்தியானம் ஆனதும் பிள்ளைகளை வெளியே கூட்டிப் போய்விடுவார். ரப்பர் விதை வெடிப்பதையும், முசுறு எறும்பு இலைகளை இணைத்துக் கூடு கட்டுவதையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுவார். வாத்தியார் ஆடு மேய்க்கிறார் என்று தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி கேலி செய்வார். பேனா பிடிப்பதைத் தவிர அந்தக் கிராணிக்கு என்ன தெரியும்?

ரப்பர் விலை விழுந்த வருஷம் அது. மாரியம்மன் திருவிழாவில் கரகத்துக்கு மலையடி ஓடையில்தான் தண்ணீர் எடுப்போம். பெரணிச் செடியும் புதரும் ஓடையை மூடிக் கிடந்தன. வாத்தியார் அதையே பாடமாக்கினார். இருட்டுத் தண்ணீரில் காய்ச்சல் பிறக்கும், வெயில் பட்டால் தண்ணீர் சுத்தமாகும் என்பது அவர் ஊரில் கேட்டு வளர்ந்த பேச்சு. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் புதரை வெட்டினார்கள். அவருடைய ஒரே மகள் சந்திரமதி எல்லாரையும் விட அதிகம் வெட்டினாள். வெயில் உள்ளே விழுந்ததும் அடியில் கூழாங்கல் தெரிந்தது, குட்டி மீன்கள் தெரிந்தன. கரகம் எடுக்க வந்தவர்கள் வாத்தியாரைப் புகழ்ந்து தள்ளினார்கள்.

திருவிழா முடிந்து சில வாரங்களில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் குளிர்காய்ச்சல் பரவியது. சந்திரமதியும் படுத்துவிட்டாள். அவள் அம்மா கிருஷ்ணம்மா ரப்பர் பால்வெட்டுக்குப் போகாமல் பக்கத்திலேயே கிடந்தாள். கொடுத்த கொய்னா மருந்து எல்லாம் வாந்தியாக வந்தது.

பார்க்க வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ராஜசேகரன், வாத்தியாரை ஓடைக்கு அழைத்துப்போய் ஓர் அகப்பைத் தண்ணீர் மொண்டார். மேலே கொசுப் புழுக்கள் படுத்த வாக்கில் மிதந்தன.

"இந்த மலைக்காட்டுக் கொசு நிழல்ல வளராது வாத்தியாரே. வெயில் படுற தெளிஞ்ச தண்ணியிலதான் முட்டையிடும். யார் வெட்டச் சொன்னாங்க?"

"நான்தான்."

ராஜசேகரன் அகப்பைத் தண்ணீரைக் கரையில் கொட்டினார். "வெளியில சொல்லிடாதீங்க. லயத்துல இருக்க விடமாட்டாங்க."

வீட்டுக்கு வந்தவரிடம் சந்திரமதி, "ஓடையில மீன் இருக்காப்பா?" என்று கேட்டாள். "இருக்கும்மா" என்றார். மறுநாள் விடிந்ததும் பிள்ளை போய்விட்டாள்.

கருமாதி முடிந்து வாத்தியார் பள்ளிக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் இந்தப் பிள்ளைகள் வளர்ந்து இன்னோர் ஓடையை வெயிலுக்குத் திறந்துவிடுவார்களே என்ற பயம் அவருக்கு. எல்லாரையும் அழைத்துப்போய் அதேபோல் தண்ணீர் மொண்டு காட்டினார். சொல்லிக்கொடுத்தது தப்பு என்றார்.

கருப்பாயி என்ற சின்னப் பெண் கேட்டாள். "அப்ப நாங்க வெட்டினதாலயா ஐயா சந்திரமதி செத்துப்போனா?"

"நீங்க இல்லம்மா. வெட்டச் சொன்னது நான்."

பிள்ளைகள் அழுதுகொண்டே லயத்துக்கு ஓடினார்கள். வாத்தியார் அவர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்து வந்தார். அவர் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்ததை லயத்தில் நின்று பார்த்த எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை.

கிருஷ்ணம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எம்பிள்ள எதனால செத்துச்சுன்னு கருப்பாயி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

வாத்தியார் வாசலிலேயே நின்றார். அவளும் உள்ளே வரச் சொல்லவில்லை.