முகாமில்தான் இருக்கிறாராம்

கனடாவில், ரூஜில் தன் வீட்டு பேஸ்மென்றில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, நிரூபா அமெரிக்க நீதியைத் தமிழாக்கினாள். எல்லைக்கு அப்பாலுள்ள நீதிமன்றங்களுக்குத் தமிழ் தேவைப்பட்டால் மொழிபெயர்ப்பு நிறுவனம் அவளைத் தொலைபேசியில் இணைக்கும். வாஷிங்டனில் ஆட்சி மாறிய பிறகு அழைப்புகள் குவிந்தன. ஒவ்வொரு முறையும் வலக்கையைத் தூக்கி, கூட்டாமல் குறைக்காமல் சொல்வதாகச் சத்தியம் செய்வாள். வழக்கறிஞர்களுக்கு அந்தச் சிரமம் இல்லை.

யோசப் மன்னார்ப் பொடியன். அமெரிக்காவில் தஞ்சம் கேட்ட குற்றத்துக்காக உள்ளே இருந்தான். முன்பின் தெரியாத ஏதோ ஒரு நாட்டுக்கு அவனை விமானத்தில் ஏற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனுடைய வழக்கறிஞர் ஒரு வெள்ளிக்கிழமை அவசரமாக நீதிபதியைப் பிடித்தார். எல்லோரும் தொலைபேசியில்.

அரசு வழக்கறிஞர் மிகப் பண்பானவர். யோசப் தடுப்பு முகாமில் இருப்பதாகவும், எங்கேயும் கொண்டுபோகும் எண்ணமே இல்லை என்றும் சொன்னார். நிரூபா அதைத் தமிழில் சொல்லி முடிக்கமுதல் யோசப் குறுக்கிட்டான்.

"அக்கா, இது முகாம் இல்லை! விலங்கு போட்டு பஸ்ஸில கொண்டந்து இறக்கினவங்கள். கண்ணாடிக்கு அங்கால பிளேன் நிக்குது. இரைச்சல் உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

கேட்டது. அவன் சொன்னதை அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். இரைச்சல் நீதிபதிக்கும் கேட்டது. அரசு வழக்கறிஞருக்கு மட்டும் அப்படியொரு தகவல் வந்து சேரவில்லை. அவர் பொறுமையாக, முகாமில்தான் இருக்கிறார் என்று திரும்பவும் சொன்னார்.

"முகாமிலதான் இருக்கிறாராம்" என்றாள் நிரூபா. வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

அவனை ஏற்றவே கூடாது என்று நீதிபதி உத்தரவிட்டார். அதை அவள் தமிழில் சொன்னதும், "பெரிய உபகாரம் அக்கா" என்று யோசப் அழுதான்.

திங்கட்கிழமை அவனுடைய இணைப்பில் யாருமில்லை. அரசு வழக்கறிஞர் விளக்கினார்: நீதிபதி வாயால் சொன்னது உத்தரவில் சேராது, எழுத்தில் வந்தபோது விமானம் கடலுக்கு மேலே, கடலில் இந்த நீதிமன்றத்துக்கு என்ன வேலை?

"அப்படியானால் வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னது?" என்றார் நீதிபதி.

"வெள்ளிக்கிழமைக்கு அது உண்மை."

தமிழில் கேட்க ஆளில்லாததால் அந்த முத்தை மொழிபெயர்க்கும் பாக்கியம் நிரூபாவுக்குக் கிடைக்கவில்லை. ஹெட்செற்றைப் பிடித்தபடி இருந்தாள். ஏற்றமாட்டினம் என்று அவனுக்குச் சொன்னது அவள் குரல்தானே.

உத்தரவை மீறியது யார் என்று நீதிபதி விசாரிக்கத் தொடங்கினார். மேல்நீதிமன்றம் அதை நிறுத்தியது. அரசு வழக்கறிஞருக்குப் பதவி உயர்வு.

ஆனால் ஒரு விசாரணை முறைப்படி நடந்து முடிந்தது. அது நிரூபாமேல். நிறுவனத்தில் ஒலிப்பதிவுகளைச் சரிபார்க்கும் ஜனார்த்தன், இங்கேயே பிறந்து வளர்ந்தவன், அவளைக் கூப்பிட்டான்.

"அன்ரி, லோயர் 'இருக்கிறார்' எண்டுதான் சொன்னவர். நீங்கள் 'இருக்கிறாராம்' எண்டிருக்கிறீங்கள். அந்த 'ஆம்' உங்கட ஒப்பீனியன் மாதிரிக் கேக்குது. தட்ஸ் எ சீரியஸ் வயலேஷன்."

"தம்பி, அந்தாள் சொன்னது பொய்."

"பொய்யெண்டாலும் அக்யுரேட்டா சொல்லோணும், அன்ரி. ட்ரெயினிங் ஒண்டு எடுத்தால் திரும்பவும் கோர்ட் வேலை தரலாம்."

"பொய்யை வடிவாச் சொல்லப் பழக எனக்கு வகுப்பு வேண்டாம். ஆஸ்பத்திரி வேலை இருந்தால் தாங்கோ."

தந்தார்கள். யோசப்பைத் திருப்பிக் கொண்டுவரும்படி நீதிபதி மூன்றாவது தடவையாக உத்தரவிட்டிருக்கிறார், மூன்றும் எழுத்தில். அவன் இன்னும் வரவில்லை.