சுடாத ரோடு

குதிகால் வெடிப்புக்குக் களிம்பு வாங்கத்தான் ஜார்ஜ்டவுனில் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். நீரிழிவு இருப்பதால் பாதம் பார்க்கும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒல்லியான ஒரு தாதி. கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. காலைத் தொடும் முன் கழற்றிய சப்பாத்துக்குள் கைவிட்டுத் துழாவுவது அவர் வழக்கமாம். என்னுடையதைக் கவிழ்த்தார். கூழாங்கல் ஒன்று உருண்டது.

"இதோடயா நடந்து வந்தீங்க அண்ணே?"

வெட்கத்தை மறைக்கப் பெருமை பேசினேன். "நம்ம காலு கெட்டி லா மிஸ்ஸி. தைப்பூசத்துக்கு மத்தியான வெயில்ல தண்ணீர்மலைக் கோயிலுக்குச் செருப்பில்லாம நடந்தேன். ரோடு சுடவே இல்ல. எல்லாம் முருகன் அருள்."

அவர் சிரிக்கவில்லை. மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்க. இது கால்ல படுறப்பல்லாம் 'ஆமா' சொல்லுங்க."

மூடினேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்: "எப்ப ஆரம்பிப்பீங்க மிஸ்ஸி?"

"ரெண்டு காலும் பாத்து முடிச்சிட்டேண்ணே."

கண்ணைத் திறந்தேன். அவர் கை என் பாதத்தின் மேல்தான் இருந்தது.

"பயமா இருக்கு மிஸ்ஸி."

"பயம் இருக்கட்டும். காயம் பட்டா இனிமே காலு சொல்லாது. தினமும் நீங்கதான் பாக்கணும். களிம்பக் குதிகால்ல பூசுங்க, விரலிடுக்குல பூசாதீங்க."

"அப்ப, தைப்பூசத்துல..."

சப்பாத்தை மாட்டிவிட்டபடியே மெதுவாகச் சொன்னார்: "ரோடு சுட்டுத்தாண்ணே இருக்கும்."

இப்போது சப்பாத்துக்குள் கைவிடும்போதெல்லாம் அவர் முகம் வருகிறது. முருகன் தந்ததென்று நான் வைத்திருந்ததை ஓர் இழையால் எடுத்துக்கொண்டு போனவர். அவரைக் கும்பிடுவதா, கோபித்துக்கொள்வதா, இன்னும் தெரியவில்லை.