வெயில் இருக்கும்போதே தூங்கப் போனவர்கள்

"ஏனுங்க தம்பி, விடிஞ்சிருச்சுங்களா?" என்று கட்டிலின் கம்பித் தடுப்புக்குள் படுத்திருந்த முதியவர் என்னைக் கேட்டபோது, மாலை ஐந்துகூட ஆகவில்லை. ஜன்னலுக்கு வெளியே தொண்டாமுத்தூர் தென்னைகளின் மேல் வெயில் பளபளத்துக்கொண்டிருந்தது. அந்த முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு முடிந்து, போர்வை போர்த்தி, தடுப்பும் ஏற்றியாகிவிட்டது. மருத்துவமனைகளிலும் இல்லங்களிலும் பணிப் பண்பாட்டையும் தலைமைப் பண்பையும் மேம்படுத்துவது என் தொழில். அதாவது, வாங்குகிறவருக்கும் விற்கிற எனக்கும் இன்னதென்று தெரியாத ஒரு சரக்கைப் பல வருடங்களாக விற்று வருகிறேன்.

"இப்பத்தானுங்கய்யா பொழுது சாயுது, படுங்க" என்று பதில் சொன்னவர் வார்டன் அம்மா. வெளியே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேலைக்கு வர்ற பொம்பளைங்க அஞ்சரை வேன்ல போயாகணுமுங்க சார். இருட்டுனா ரோட்டுல யானை நிக்குது. அப்பறம் நான் ஒருத்திதான். ஆராச்சும் எந்திரிச்சு உழுந்துட்டா என்ன பண்றது? ரெண்டு பேரு இங்கயே தங்கறாப்பல ஒரு ரூம் கட்டிக் குடுத்தாங்கன்னா, எட்டு மணி வரைக்கும் எல்லாத்தையும் வெளிய உக்கார வெச்சுப் பேசிட்டிருப்பனுங்க."

இல்லத்தின் சேர்மனிடம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறார். மில் நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த அவர் யாரிடமும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. எழுந்து நின்று கும்பிடுவார், காபி வரவழைப்பார், "செஞ்சுபோடலாமுங்க" என்பார். எங்கள் பக்கத்தில் மறுப்பு இப்படித்தான் வரும். வெளியூர்க்காரர்கள் மட்டும் சந்தோஷமாக வீடு திரும்புவார்கள்.

என் பயிற்சியில் ஒரு நாடகம் உண்டு. ஊழியர் ஒருவர் முதலாளியாக உட்கார, இன்னொருவர் தயங்காமல் தன் தேவையைக் கேட்க வேண்டும். வேப்பமரத்தடியில் சமையல்கார அக்கா சேர்மனாக உட்கார்ந்தார். வார்டன் அம்மா அறையைப் பற்றி வாயெடுப்பதற்குள், "மொதல்ல காபி சாப்புடுங்க அம்மணி" என்றார். மரத்தடியே அதிர்ந்தது. பின்வரிசையில் இருந்த நிஜ சேர்மன்தான் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பண்பாடு மாறத் தொடங்கிவிட்டது என்று அறிக்கையில் எழுதினேன். முதல் பரிந்துரையாக அந்த அறையையும் எழுதினேன்.

"ரிப்போர்ட் அருமைங்க. ஒடனே கட்டடம் ஆரம்பிச்சுடறேன்" என்றார் சேர்மன். உண்மையிலேயே அஸ்திவாரம் தோண்டினார்கள். சுவர் எழும்ப எழும்ப வார்டன் அம்மா உள்ளே போய், இந்த மூலையில் கட்டில், இந்தப் பக்கம் ஜன்னல் வைத்தால் கூப்பிட்ட சத்தம் கேட்கும் என்று கொத்தனாருக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பெயர்ப்பலகை வந்தது: தலைமைப் பண்புப் பயிற்சிக் கூடம். மேடை, மைக், ஏசி, கார்ப்பெட். "மரத்தடில உக்காந்து கேட்டா நம்ம ஆளுக எப்படீங்க மாறுவாங்க?" என்று என் தோளில் கை போட்டார் சேர்மன்.

குத்துவிளக்கு ஏற்றியவர் வார்டன் அம்மா. "நல்லாருக்குதுங்க சார். இனி உங்களுக்கு வெயில்ல நின்னு பேசற கஷ்டமில்லீங்க" என்றார். அதில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்புறம் ஒருமுறை, ராத்திரியில் அந்தக் கூடத்தில் ரெண்டு பேர் பாய் விரித்துக்கொள்ளலாமா என்று சேர்மனிடம் கேட்டாராம். கார்ப்பெட் பாழாகிவிடுமல்லவா, அதற்கும் காபிதான் வந்ததாம். அதன்பின் அவர் எதையும் கேட்கவில்லை.

போன மாதம் மறுபடியும் அங்கே பேசினேன். துணிந்து கேள்வி கேளுங்கள் என்று வழக்கம்போல் முடித்ததும், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண் எழுந்தாள். "ஏனுங்க சார், வெயில் இருக்கறப்பவே எதுக்குங்க இவங்களப் படுக்கப் போடறோம்? பாவமா இருக்குதுங்க."

நான் வார்டன் அம்மாவைப் பார்த்தேன். அவர் எழுந்து அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். முகத்தில் கோபமே இல்லை.

"புதுசுங்க சார்" என்றார் என்னிடம். "போகப் போகச் சரியாயிருமுங்க."