எங்கிட்ட அவ்வளவுதான்

அன்று என் மகள் கார் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொழிற்சாலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை என் வயதில் பாதி காலமாக ஓட்டுகிறவன் நான். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது, இல்லாத பிரேக்கை மிதிக்கும். ஸ்கூடாய் நெடுஞ்சாலையின் காலை நெரிசலில் ஒரு லாரி குறுக்கே வந்தபோது மிதித்துவிட்டேன்.

"ப்பா, நான்தான் ஓட்டுறேன்" என்றாள்.

பின்னால் என் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். சாமி பெயராக இருக்கும்.

நாங்கள் போனது ஜொகூர் பாரு உயர் நீதிமன்றத்துக்கு. என் மகளைப் பாலியல் ரீதியாகத் தாக்கியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் மேல்முறையீடு செய்திருந்தார். சாட்சியம் வலுவாக இல்லை, தண்டனையை ரத்து செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். அன்றுதான் விசாரணை.

எங்களை வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அரசுத் தரப்பில் வாதாடும் வழக்கறிஞரை டிபிபி என்பார்கள். எங்கள் டிபிபி ஓர் இளம் மலாய்ப் பெண். மேல்முறையீட்டில் சாட்சிகளை மறுபடியும் விசாரிக்க மாட்டார்கள், கீழ்க் கோர்ட்டில் சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்கிறது, அதை வைத்து வக்கீல்கள் பேசிக்கொள்வார்கள், நீங்கள் அலைய வேண்டாம் என்று அவர் போனில் சொன்னார். என் மகள் ஒன்றுதான் கேட்டாள். வந்தால் தடுப்பார்களா? தடுக்க மாட்டார்கள் என்றார் அவர். அப்படியானால் வருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

அவள் முன்பு பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு போட்டோஸ்டேட் கடையில் வேலை செய்தாள். படிக்கிற பிள்ளைகள் எழுதிக் கொண்டுவருவதற்கு அட்டை போட்டுக் கட்டிக் கொடுக்கும் வேலை. கடை முதலாளி நம் ஆள்தான். எங்கள் தாமான் குடியிருப்பின் கோவிலில் மேளம் வைப்பதா, அன்னதானமா, எதற்கும் அவர்தான் முன்னால் நிற்பார். கடைக்குப் பின்னால் தாள் கட்டுகளை அடுக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே கேமரா இல்லை, ஜன்னலும் இல்லை.

அது நடந்த அன்று மாலை அவளை ஏற்றப் போனது நான். வழக்கமாக எனக்குப் பக்கத்து இருக்கையில் ஏறுகிறவள், காலி பஸ்ஸில் நடுவில் போய் உட்கார்ந்தாள். முதல் சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னாள்.

"ப்பா, முதலாளி என்னைக் கச்சாவ் பண்ணிட்டாரு. இனிமே நான் போகல."

கண்ணாடியில் பார்த்தேன். ஒரு கையால் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிம்மா, போக வேணாம்" என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். என் மனைவி வெளியே வந்தபோது அவள் முகம் எனக்குத் தெரியாத முகமாக இருந்தது. "பஸ்ஸ எடுங்க, போலீஸுக்குப் போவோம்" என்றாள். உள்ளே சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. அது என்னிடம் சொல்லப்பட்டதில்லை.

கச்சாவ் என்பது மலாய்ச் சொல். இங்கே தமிழ் பேசும் வீடுகளில் அது நம் சொல்லாகவே ஆகிவிட்டது. தம்பி அக்காவின் பென்சிலை எடுத்தால் கச்சாவ். தூங்கும்போது கொசு வந்தால் கச்சாவ். பானையில் கிண்டுவதற்கும் அதே சொல்தான். ஒரு பெண்ணுக்குப் பெரிய கொடுமை நடந்து, அதை அவள் அப்பாவிடமோ அண்ணனிடமோ சொல்ல வேண்டி வந்தால், அப்போதும் இந்தச் சொல்தான். அதற்குமேல் ஒரு சொல் ஆண்களிடம் சொல்ல எங்கள் வீடுகளில் இல்லை. கேட்கிறவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் மேலே கேட்காமல் இருப்பான்.

வழக்கு கீழ்க் கோர்ட்டில் நடந்தபோது நானும் ஒரு சாட்சி. அவள் முதலில் சொன்னது என்னிடம் என்பதால். அதற்கு முந்தைய நாள் என் மனைவியின் அண்ணன் வந்தார்.

"மாப்ள, நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"அவ சொன்னதச் சொல்லப் போறேன் மச்சான்."

"என்ன, கச்சாவ் பண்ணாருன்னா? அலமாக். கச்சாவுக்கெல்லாம் யாரையாவது உள்ள வைப்பாங்களா? தங்கச்சிகிட்ட அவ சொன்னத நீயும் சொல்லு. நடந்ததுதானே, பொய்யா என்ன?"

"எங்கிட்ட அவ சொல்லலையே."

"மாசத்துக்கு நாலு வார்த்த பேசுற ஆளு நீ. அதுல ஒன்ன மாத்திப் பேசினா கொறஞ்சா போயிடும்?"

செடெனாக் பக்கம் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் நின்று பேசியதே கிடையாது. கூண்டில் ஏறியதும் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆனால் சொன்னேன். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை, அந்தச் சொல்லை அப்படியே எடுத்து மறுபக்கம் வைத்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். அவ்வளவுதானா சொன்னாள், வேறு எதுவும் சொல்லவில்லையா, உறுதியாகத் தெரியுமா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"எங்கிட்ட அவ்வளவுதான்" என்றேன்.

அந்தக் கோர்ட்டில் முதலாளிக்குச் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். மேல்முறையீடு செய்ததால் ஜாமீனில் வெளியே இருந்தார். கடையும் திறந்திருந்தது, கோவிலில் மாலையும் வாங்கினார். மேல்முறையீட்டுக்கு அவர் வக்கீல் காட்டிய காரணங்களில் முதலாவதே என் சொல்தான். முதலில் அப்பாவிடம் வெறும் கச்சாவ் என்றாள், பிறகு அம்மாவோடு சேர்ந்து கதையை வளர்த்துவிட்டாள். இரண்டு சாட்சியும் பொருந்தவில்லை, அதனால் சாட்சியத்தில் வலு இல்லை.

மச்சானுக்கு விஷயம் தெரிந்து நேராக வீட்டுக்கு வந்தார். "அன்னிக்கே சொன்னேன்லா. ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்தைல அவன வெளிய விடப் போற" என்றார். அடுப்படியில் இருந்த என் மகள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"மாமா, அப்பாகிட்ட நான் சொன்னது அதுதான். அவரு வேற ஒன்ன சொல்லியிருந்தா, எங்க வீட்டுல பொய் சொன்னது அவரு ஒருத்தராத்தான் இருந்திருக்கும். சாப்பிட்டுப் போங்க."

அவர் சாப்பிட்டுத்தான் போனார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தலை நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம்.

ஆனாலும் பயம் வேறு பக்கமும் இருந்தது. தாமானில் பேசிக்கொள்வது காதில் விழாமல் இல்லை. "ஒரு கச்சாவுக்கு ஒரு கோர்ட்டா" என்று காப்பிக் கடையில் ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே நின்றுபோனது. யாரும் யாரிடமும் சொல்லி நிறுத்தவில்லை. என் மனைவி பக்கத்து வீட்டுப் பூனையைக்கூட "தொந்தரவு பண்ணுது" என்று புத்தகத் தமிழில் திட்ட ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் என் மகள் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். லைசென்ஸ் எடுத்தாள். பழைய கார் ஒன்று வாங்கினாள். ஸ்கூடாயிலிருந்து அங்கே போய்வர நகரத்தைக் குறுக்கே தாண்ட வேண்டும், நெரிசல் உயிரை வாங்கும். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "நீங்க உங்க பொம்பளைங்கள ஏத்துங்கப்பா" என்றாள். அந்தப் போட்டோஸ்டேட் கடைக்கு முன்னால்தான் அவள் வழி. வேறு வழி இருந்தும் அவள் மாற்றவில்லை.

நீதிமன்றத்தில் நாங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். முதலாளி முன்னால், தன் வக்கீலுக்குப் பின்னால் இருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. திரும்பிப் பார்த்தார். என் மகள் முகத்தைத் திருப்பவில்லை. அவர்தான் திருப்பிக்கொண்டார்.

நீதிபதி ஒரு பெண், என் வயது இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் நன்றாகப் பேசினார், அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். கேமரா இல்லை, பார்த்தவர் இல்லை, அவள் கத்தவும் இல்லை என்றார். கடைசியில் என் சொல்லுக்கு வந்தார். "யாங் ஆரிஃப், டோடோல் அல்வா கிண்டுவதும் கச்சாவ்தான்" என்று நீதிபதியைப் பார்த்துச் சொன்னார். பின்னால் பயிற்சிக்கு வந்த வக்கீல் பிள்ளைகளில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். என் காது சூடானது. அந்தச் சொல் என் வாயிலிருந்து போனது. அது அந்த மேசையில் கிடந்தது, யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம் என்பதுபோல. என் மகளின் கை என் கைமேல் வந்து உட்கார்ந்தது.

பிறகு டிபிபி எழுந்தார். கீழ்க் கோர்ட்டில் என் மகள் கூண்டில் நின்று சொன்னதை நான் அதுவரை கேட்டதில்லை. சாட்சிகள் வெளியே காத்திருக்க வேண்டும் என்பதால் நானும் மனைவியும் அன்று உள்ளே இல்லை. இப்போதுதான் கேட்டேன். ஏன் கத்தவில்லை என்று அவளிடம் கேட்டிருக்கிறார்கள். கத்தினால் அவர் வாயைப் பொத்துவார், அதனால் கதவைத் திறக்கப் பார்த்தேன், திறந்தேன் என்று சொல்லியிருக்கிறாள். எத்தனை தடவை மாற்றிக் கேட்டும் அதே பதில். டிபிபி மலாயில் அதைப் படித்தபோது எனக்குத் தமிழில், அவள் குரலில் கேட்டது. மற்ற இடங்கள் வந்தபோது பக்கத்தையும் வரியையும் மட்டும் சொன்னார். நீதிபதி தனக்குள் படித்துக்கொண்டு தாளைத் திருப்பினார். எனக்காக யாரும் அப்படிச் செய்யவில்லை, கோர்ட்டில் அதுதான் வழக்கமோ என்னவோ. ஆனால் அந்த அறையும் எங்கள் வீடுபோல நடந்துகொண்டது.

கடைசியில் என் சாட்சியத்துக்கு வந்தார். வக்கீல் திரும்பத் திரும்பக் கேட்டதையும் நான் சொன்னதையும் படித்தார். என்னிடம் அவ்வளவுதான். "இந்தத் தகப்பன் தன் மகளுக்காக ஒரு சொல்லைக் கூட்டவில்லை, யாங் ஆரிஃப். 'என்னிடம்' என்கிறார். மகள் தகப்பனிடம் சொல்வதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அது அவருக்குத் தெரியும். தாயிடம் சொன்னது மீதி. இது முரண்பாடு இல்லை."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்கள் வரிசைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். சிறிது நேரம் உள்ளே போய் வந்து முடிவைச் சொன்னார். கதையை வளர்க்க நினைக்கிற குடும்பம் தகப்பனின் சாட்சியத்தைத்தான் முதலில் வளர்த்திருக்கும் என்றார். பெண்ணின் சாட்சியம் தனியாகவே வலுவாக நிற்கிறது என்றார். மேல்முறையீடு டிதோலாக்.

மலாயில் தோலாக் என்றால் தள்ளுவது. என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, தள்ளிட்டாங்களா? யாரத் தள்ளிட்டாங்க?"

"அவரத்தான்."

"நம்மள இல்லையே?"

"ம்மா, சும்மா இரும்மா" என்றாள் மகள். போலீஸ்காரர் வந்து அவர் பக்கத்தில் நின்றார். முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றி வக்கீலிடம் கொடுத்தார். இன்னும் மேலே போகலாம் என்றார்களாம், அவர் போகவில்லை என்று பின்னால் தெரிந்தது.

வெளியே டிபிபி என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். என்னைப் பார்த்து, "தெரிமா காசிஹ், பாக்சிக்" என்றார். நன்றி மாமா என்கிறார், எனக்கு எதற்கு என்று கேட்கத் தெரியாமல் தலையை ஆட்டினேன்.

தெருமுனைக் காப்பிக் கடையில் உட்கார்ந்தோம். மச்சானுக்குப் போன் போட்டு மனைவி அழுதுகொண்டே சொன்னாள். அவர் என்னைக் கேட்டிருக்கிறார். போனை என்னிடம் நீட்டினாள். "மாப்ள" என்றார் அவர். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. போனை மனைவியிடமே கொடுத்துவிட்டேன். மாசத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன் நான், அவருக்கு இன்று ஒன்றுகூட இல்லாமல் போயிற்று.

கெட்டிப்பாலை அடியில் ஊற்றிய காப்பி வந்தது. நான் அப்படியே தூக்கி ஒரு வாய் குடித்தேன். என் மகள் கிளாஸின் அடியைப் பார்த்தாள்.

"பால் எல்லாம் கீழ நிக்குதுப்பா" என்றாள். கரண்டியை என் பக்கம் தள்ளினாள். "கச்சாவ் பண்ணிக் குடிங்க."

என் மனைவி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளைப் பார்த்தாள். நான் கரண்டியை வாங்கிக் கிண்டினேன். பால் மேலே வந்தது. அவள் பாட்டுக்குத் தன் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். இந்தத் தடவை என் கால் பிரேக்கைத் தேடவில்லை.