மைக்குக்கு நான்கு விரல் தூரம்

1. மழை

யோசேப்பு அண்ணை ஒரு சி.டி.யோடு கடைக்கு வந்தார். டவுன்டவுனில் ஓர் இசைக்கருவிக் கடையில் மைக், மிக்ஸர் விற்கும் பகுதியில் நான் வேலைக்கு நின்ற காலம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, நல்ல கோடை.

"இதைக் கேளும் தம்பி. மனிசி பாடுறாளோ, மழை பெய்யுதோ எண்டு சொல்லும்."

கேட்டேன். மழைதான். அதற்கு அப்பால் எங்கேயோ அவர் மனைவி திரேசா அக்கா பசாம் பாடிக்கொண்டிருந்தார். இயேசுவின் பாடுகளை ஒப்பாரி மெட்டில் பாடும் அதை எங்கள் பங்குக் கோவிலில் அவரைப்போலப் பாட ஆளில்லை. பெரிய வெள்ளியன்று அவர் தொடங்கினால் கடைசி வாங்கில் தூங்குகிறவர்களும் நிமிர்ந்து இருப்பார்கள்.

"சத்தம் கூட்ட இன்னொரு பூஸ்ரர் தாரும். மலிவானதாப் பாத்து."

ஏற்கெனவே என்ன வைத்திருக்கிறார் என்று விசாரித்தேன். மைக்கிலிருந்து பழைய சாமான் சந்தையில் வாங்கிய ஒரு பூஸ்ரர் பெட்டி, அதிலிருந்து கொம்பியூட்டரின் மைக் துளை, அதற்குள் 'மைக் பூஸ்ட்', கடைசியில் சொப்ட்வெயரிலும் வொல்யூமைக் கூட்டியிருந்தார். நாலு இடத்தில் கூட்டினால் நாலு இடத்து இரைச்சலும் சேர்ந்து வளரும்.

"அண்ணை, அக்காவை விட்டிட்டு இரைச்சலையெல்லே வளத்து வைச்சிருக்கிறியள்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "வாற மாதம் அவவுக்குத் தைரோயிட் ஒப்பரேசன். குரல் மாறினாலும் மாறுமாம் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அதுக்கு முதல் ஒருக்கா வடிவாப் பிடிச்சு வைக்கவேணும்."

கேலி செய்ததற்கு வெட்கமாக இருந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னேன்.

2. ஒரு முழம்

யாரோ திருப்பிக் கொடுத்த சின்ன மிக்ஸர் ஒன்று கடையில் கிடந்தது. அதை மலிவாக வாங்கிக்கொண்டு நகருக்கு வெளியே லவாலில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். மைக்கை மிக்ஸரில் செருகி, அதைக் கொம்பியூட்டரின் 'லைன் இன்' துளைக்குக் கொடுத்தேன். மைக் பூஸ்டை நிறுத்தினேன். கூட்டுவதை முதல் இடத்தில், மிக்ஸரில் மட்டும் கூட்ட வேண்டும். மற்றவை வந்ததை அப்படியே கடத்தினால் போதும். அண்ணையின் பெட்டியை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

இரைச்சல் குறைந்தது, போகவில்லை. திரும்பிப் பார்த்தால், அக்கா மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கைகட்டி நிற்கிறார்.

"அக்கா, கிட்ட வாங்கோ. நாலு விரல் தூரம் காணும்."

வந்தார். கண்ணை மூடிப் பாடத் தொடங்கினார். இரண்டாம் அடியில் பழைய இடத்துக்கே போய்விட்டார். மூன்று தரம் இப்படி.

"ஏனக்கா பின்னுக்குப் போறியள்?"

"நீர்தானே தம்பி சொன்னனீர், மைக்கைக் கடிக்காதேங்கோ, ஒரு முழம் தள்ளி நில்லுங்கோ எண்டு. பாட்டுக்குழு முழுக்க அப்பிடித்தானே நிக்கிறம்."

உண்மை. ஞாயிறுகளில் கோவில் ஒலிபெருக்கி என் பொறுப்பு. சிலர் மைக்கை விழுங்குவதுபோல் நெருங்கிப் பாடுவார்கள், ஸ்பீக்கர் உறுமும். ஆளுக்கு ஆள் லெவலைக் குறைக்கச் சோம்பல்பட்டு எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியிருந்தேன். அண்ணை கொண்டுவந்த மழையில் பாதி என் உபயம்.

3. ஜக்கெற்றுகளுக்கு நடுவே

வாசலருகே, ஆள் உள்ளே போகக்கூடிய அலுமாரி ஒன்று. கோடை ஆதலால் குளிர்கால ஜக்கெற்றுகள் எல்லாம் அங்கேதான் தொங்கின. உள்ளே ஒரு கதிரை போட்டு அக்காவை இருத்தினேன். பின்னால் ஜக்கெற், முன்னால் மைக், நகர இடமில்லை. தடித்த துணிகள் எதிரொலியையும் விழுங்கிவிடும்.

"பாவசங்கீர்த்தனத்துக்கு இருக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார் அக்கா.

"அப்ப பாவத்தைச் சொல்லுங்கோ, கேக்கிறன்."

"முதல்ல நீர் சொல்லும். பாட்டுக்குழுவுக்குச் செய்தது கொஞ்சமே?"

கடைசியாகப் பிறிஜ்ஜை நிறுத்தினேன். அதன் உறுமலும் மைக்கில் விழுந்துகொண்டிருந்தது. திரும்பப் போட மறக்காமலிருக்க என் கார்ச் சாவியை அதற்குள் வைத்தேன். சாவி இல்லாமல் வீடு போக முடியாதல்லவா.

அக்கா பாடினார். மழை இல்லை. ஒவ்வொரு அடிக்கும் முன் மூச்செடுப்பதுகூடக் கேட்டது. ஹெட்போனை மாட்டியிருந்த அண்ணை முடியும்வரை அதைக் கழற்றவில்லை.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. குரல் திரும்பி வந்தது, கரகரப்பாக. மேல் சுரத்துக்கு ஏறவில்லை. அடுத்த பெரிய வெள்ளிக்குக் கோவிலில் அந்தப் பதிவைத்தான் போட்டேன். அக்கா முன்வாங்கில் இருந்து கேட்டார். எனக்கு அவர் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பசாம் முடிந்தது. சி.டி.யை நிறுத்துவதற்குள், நான் வெட்ட மறந்த ஒரு துண்டு ஸ்பீக்கரில் வந்தது, அக்காவின் பழைய குரலில்: "இஞ்சாருங்கோ, பிறிஜ்ஜைப் போடுங்கோ, மீன் பழுதாப் போகும்."

பெரிய வெள்ளியென்றும் பாராமல் கோவில் சிரித்தது. முதலில் சிரித்தவர் அக்காதான்.

அன்றிலிருந்து நான் யாரையும் பின்னுக்குப் போகச் சொல்வதில்லை, லெவலைத்தான் குறைக்கிறேன். பூஸ்ரர் கேட்டு வருகிறவர்களிடம், மைக்குக்கும் வாய்க்கும் எவ்வளவு தூரம் என்று முதலில் கேட்கிறேன்.

அந்தப் பெரிய வெள்ளியன்று கோவில் வாசலில் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். துண்டை வெட்டாததற்குப் பேச்சு வாங்கப்போகிறேன் என்றுதான் நினைத்தேன்.

"பசாமைக் கோவில் வைச்சிருக்கட்டும் தம்பி. அந்த மீன் துண்டை எனக்குத் தனியா ஒரு சி.டி.யில அடிச்சுத் தாரும்."