ஆகஸ்ட் மாதத்துக் குழந்தை

சபையில் எந்த வீட்டுப் பெயரைச் சொன்னாலும் லவீனா ஐந்து தலைமுறை ஏறி இறங்கி வந்துவிடுவாள். சபையார் கூடி உண்ணும் அன்பின் விருந்து முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவும்போது உறவில் சந்தேகம் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் கணவன் வெர்னனும் ஒரே வேர்தான். முன்னோர்ப் பாட்டி சுசன்னா டீட்டரின் மூத்த மகள் வழி அவன், இளைய மகள் வழி இவள். பெயர் வைக்குமுன் இறந்த பிள்ளைகளை அவள் சொல்லுவதில்லை, யாருமே சொல்லுவதில்லை.

மார்ச்சில் தலைப்பிள்ளை ஏமஸ் வீட்டிலேயே பிறந்தான். பாகு காய்ச்சும் காலம். மேப்பிள் மரத்துச் சாறு கொட்டகையில் ஓயாமல் கொதிக்க, திரைச்சீலையிலும் ரொட்டியிலும் தலைமுக்காட்டிலும் அந்த இனிப்பு ஆவி ஏறியிருந்தது.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, பிள்ளை பால் குடிப்பதை விட்டான். அவன் மூத்திரம் நனைத்த துணியில் பாகு மணத்தது.

"அப்பத்துக்குத் தொட்டுக்கலாம் போல இருக்கான் என் பேரன்," என்று மாமியார் எல்டா சிரித்தாள். லவீனாவும் சிரித்து வைத்தாள். மறுநாள் அவன் உடம்பை வில்லாக வளைத்து, பூனைக்குட்டி போல் மெலிதாக அழுதான்.

எல்டா தேற்றப் பார்த்தாள். "பாகுக் காலத்துப் பிள்ளைங்க சோனிதான் கண்ணு. என் மாமியாருக்கு ரெண்டு தங்கலை. அதுங்க மேலயும் இதே வாசனைதான். கர்த்தர் குடுத்தார், கர்த்தர் எடுத்தார்."

துணி மாற்றிக்கொண்டிருந்த லவீனாவின் கை நின்றது. அவள் அம்மாவின் சித்திக்கும் ஒரு பிள்ளை இப்படிப் போயிருந்தது. அடக்கத்தன்று இனிப்பாக மணத்ததாம். தேவதூதன் தொட்ட மணம் என்றார்களாம். ஓட்ஸ் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் வயலிலிருந்து நேரே கல்லறைக்கு வந்தார்கள் என்று அம்மா சொல்லுவாள். ஓட்ஸ் அறுப்பு என்றால் ஆகஸ்ட்.

கொட்டகைக்கு ஓடினாள். சபை மூப்பர் பிள்ளைக்கு எண்ணெய் பூச வருகிறார், ஜெபம் முடியட்டும், இப்போது விட்டால் பாகு கருகிவிடும் என்றான் வெர்னன்.

"கருகட்டும். இது சட்டி வாசனை இல்ல வெர்னன். எங்கம்மா சித்தி பிள்ளை போனது ஆகஸ்ட்ல, அது மேலயும் இதே வாசனை. ஆகஸ்ட்ல யாரு பாகு காய்ச்சுவா? இது ரெண்டு பக்கமும் சுசன்னா பாட்டி ரத்தத்து வழிதான வருது."

அவன் அகப்பையைப் போட்டுவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தான்.

மூப்பர் ராய் வந்தபோது அவள் பிள்ளையோடு காரில் இருந்தாள். "சகோதரரே, இங்கயே பூசிடுங்க. எஞ்சினை மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க." அவர் தொப்பியைக் கழற்றி ஜன்னலுக்குள் குனிந்தார். அவர் அவ்வளவு சுருக்கமாக ஜெபித்து யாரும் கேட்டதில்லை.

ஊரைத் தாண்டியதும் லவீனா ஜன்னல்களை இறக்கினாள். வெறும் சோளக்கொல்லைக் காற்று. பாகு ஆவி படாமல் பெட்டியிலேயே கிடந்த புதுப் போர்வையில் பிள்ளையைச் சுற்றியிருந்தாள். சாலையின் முதல் நிறுத்தக் குறியில் வெர்னன் குனிந்து மோந்தான்.

"இன்னும் அடிக்குது," என்றான். அப்புறம் அவன் எந்த நிறுத்தக் குறியிலும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று நர்ஸ் கேட்டாள். லவீனாவுக்குத் தெரிந்ததெல்லாம் வம்சக் கணக்கு ஒன்றுதான், அதை முதல்முறையாக மறுமுனையிலிருந்து, பாகு மணத்து இறந்த பெயரில்லாத பிள்ளைகளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். மூன்றாவது பிள்ளைக்கு வருமுன் நர்ஸ் ஏமஸை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.