கொம்பள்ளி முகூர்த்தமும் தவறிப்போன ஒரு முகமும்

ஈரோட்டில் ரயிலேறும்போதே எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டிருந்தது. காரணம் பைகள். படப்பிடிப்பு விளக்குகளை ஐதராபாத்திலேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வாரமாக நான் சொன்னதைக் காதில் வாங்காமல், என் கணவர் சிவகுமார் கடையில் இருந்த எல்லாவற்றையும் கட்டி எடுத்து வந்திருந்தார். இருக்கைக்குக் கீழே இடமில்லாமல், விளக்குத் தாங்கியைக் குழந்தைபோல் மடியில் கிடத்திக்கொண்டு நான் ஆந்திரத்தைக் கடந்தேன்.

நாங்கள் கரூரில் திருமணப் படப்பிடிப்புத் தொழில் நடத்துகிறோம். நான் சமூகப்பணியில் முதுகலை முடித்தவள். கேமராவைத் திருமணத்துக்குப் பின்புதான் கற்றேன். கணவனும் மனைவியுமாக ஊர் ஊராகப் போகிறோமே என்று உறவினர்களுக்குப் பொறாமை. மற்றவர்களின் மிக மகிழ்ச்சியான நாளில் எங்கள் இருவரின் மிக மோசமான குணங்களும் வெளிப்படும் தொழில் இது என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

மறுநாள் காலை செகந்திராபாத்தில் இறங்கினோம். பெண் வீடு இருந்த போலாரத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் நானூறு கேட்டு முந்நூற்றைம்பதுக்கு இசைந்தார். ஆல்வாலைத் தாண்டியதும் நகரத்தின் இரைச்சல் குறைந்து, மரங்களும் நீண்ட மதில்களும் பழைய பங்களாக்களும் வந்தன. ராணுவப் பகுதி. மதில்தோறும் புகைப்படம் எடுக்கக் கூடாது என்ற அறிவிப்பு. அதைப் படித்துவிட்டுக் கேமராப் பையைத் திறந்த ஒரே மனிதர் என் கணவராகத்தான் இருப்பார். பையைப் பிடுங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன். அதுதான் அன்றைய முதல் உரையாடல்.

மணப்பெண் தீபாவின் தந்தை சங்கரன், பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர், முப்பது ஆண்டுகளாகப் போலாரவாசி. மணமகன் கிரண், மௌலா அலியில் வளர்ந்த தெலுங்குப் பையன், மாதாப்பூரில் மென்பொருள் வேலை. இரண்டு ஆண்டுகள் மறுத்த பிறகே சங்கரன் இந்தத் திருமணத்துக்கு ஒப்புக்கொண்டார் என்பதைக் கரூரில் இருக்கும் அவர்களின் உறவினர் எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார். அவர் மூலமாகத்தான் இந்த வேலையும் வந்தது. எங்கள் முதல் தெலுங்குக் கல்யாணம்.

அன்று மாலை, கையில் மருதாணி காயாமல் உட்கார்ந்திருந்த தீபா என்னை மட்டும் உள்ளே அழைத்தாள்.

“அக்கா, டிரோன், ஸ்லோ மோஷன் எல்லாம் எனக்கு நக்கோ, வேண்டாம். ஒண்ணே ஒண்ணு வேணும். முகூர்த்தத்துல எங்கப்பா மூஞ்சி.”

“அப்பா படம் நிறைய எடுப்போம்மா.”

“நிறைய வேண்டாம்க்கா. அந்த நிமிஷத்துல மட்டும். நான் தலையைக் குனிஞ்சிட்டு இருப்பேன், நடுவுல திரை வேற. அப்பா மனசார நிக்காரா, இல்ல ஊருக்காக நிக்காரான்னு எனக்குத் தெரியணும். கேட்டா ‘எல்லாம் சரிதாம்ட்டீ’ம்பாரு. கிரண்கிட்ட இதுவரைக்கும் ‘சாப்ட்டீங்களா’க்கு மேல ஒரு வார்த்தை பேசல.”

நான் வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கே சிவகுமாரிடம் வேலையைப் பிரித்துக்கொண்டேன்: மணமக்கள் அவர் பொறுப்பு, சங்கரனின் முகம் என் பொறுப்பு, முகூர்த்தம் முடியும்வரை என்னை எதற்காகவும் கூப்பிடக் கூடாது. “ஆகட்டும் கண்ணு” என்றார். அவர் யாருக்கும் எதற்கும் ஆகட்டும் என்பார். எங்கள் தொழில் வளர்ந்ததும் அதனால்தான், எனக்குத் தலைவலி வந்ததும் அதனால்தான்.

மறுநாள் திருமண மண்டபம் கொம்பள்ளியில். மேட்சல் சாலையின் இருபுறமும் அரண்மனை வடிவில் மண்டபங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு வண்டிப் பூக்கள். அந்தப் பூக்கள் மறுநாள் எங்கே போகும் என்று கேட்டேன். “வேலையைப் பாரு மலரு” என்றார் சிவகுமார்.

காலையில் கணபதி ஹோமம். புகை சங்கரனின் கண்களைக் கலக்கியது; நான் அதையும் எடுத்தேன். பிறகு பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் பாதம் கழுவினார்கள். சங்கரன் அதை ஓர் அலுவலகப் பணியைப் போலப் பிழையின்றிச் செய்தார். மணமக்களுக்கு நடுவே பட்டுத்திரை ஒன்றைப் பிடித்தார்கள். பத்திரிகையில் குறித்த முகூர்த்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் தாலித் தட்டு இன்னும் விருந்தினரிடையே ஆசிக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. எங்களுக்குக் கடிகாரம் அந்தத் தட்டுதான். ஊரில் முகூர்த்தம் என்பது ஒன்றரை மணி நேர அகலம் கொண்டது. தட்டு மேடைக்குத் திரும்பும்வரை மூச்சு விடலாம்.

அந்த நம்பிக்கையில்தான் காதுக் கருவியில் சிவகுமாரின் குரல் வந்தது.

“மலரு, கொஞ்சம் இங்க வா. மாப்பிள்ளை வீட்டு வீடியோக்காரன் குறுக்க நட்டமா நிக்கறான். நீ அக்கட்டால நின்னு லைட்டப் புடி.”

“என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு சொன்னனுங்களே?”

“தட்டு மூணாவது வரிசையிலதான் இருக்குது. அதுக்குள்ள அவங்கப்பா எங்கியும் ஓடிப்போயிர மாட்டாரு.”

நான் போனேன். விளக்கைப் பிடிக்க அல்ல. அவர் முகத்துக்கு நேராகப் பேச. மேடையின் ஓரத்தில், சிரித்த முகத்தை மாற்றாமல், உதட்டை மட்டும் அசைத்துச் சண்டை போடும் வித்தை திருமணப் படப்பிடிப்பாளர்களுக்கு உண்டு. எங்கள் சண்டை ரயில் பைகளில் தொடங்கி, ராணுவ மதிலைத் தொட்டு, அவர் தம்பி கல்யாணத்தில் நடந்த பழைய கதைக்கு வந்து சேர்ந்தபோது நாதசுரமும் மேளமும் திடீரென்று உச்சத்துக்குப் போயின. சிவகுமாரின் தோளில் மஞ்சள் அரிசி விழுந்தது. தாலி இல்லாமல் ஏன் கெட்டிமேளம் என்று இருவரும் எரிச்சலோடு திரும்பினோம்.

திரை இறங்கியிருந்தது. மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் கைவைத்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஜரகண்டி, ஜரகண்டி” என்று எங்களை ஒதுக்கிக்கொண்டு கிரணின் அத்தை அட்சதை போட வந்தார். திருப்பதியில் மட்டுமே கேட்டிருந்த சொல். “இன்னும் தாலி கட்டலையே?” என்று நான் சைகையில் கேட்டேன். “முகூர்த்தம் அயிப்போயிந்தி அம்மா! ஜீலகர்ர பெல்லம்!” என்றார். முகூர்த்தம் முடிந்துவிட்டதாம். வெற்றிலையில் சீரகமும் வெல்லமும் அரைத்து, குறித்த நிமிடத்தில் ஒருவர் உச்சந்தலையில் ஒருவர் வைப்பதுதான் இவர்களுக்கு முகூர்த்தம். தாலி அதற்குப் பிறகு, சாவகாசமாக. திரை என்று தீபா சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும்; தாலி கட்டும்போது எந்த ஊரில் நடுவே திரை இருக்கிறது?

சிவகுமார் அதற்குள் மணமக்களைப் படமெடுக்கத் தொடங்கிவிட்டார். நான் சங்கரனைத் தேடினேன். அவர் மேடையிலேயே இல்லை. தாலி ஏறிய நேரத்தில் அவர் சாப்பாட்டுக் கூடத்தில், “வாங்க, இப்படி உக்காருங்க” என்று விருந்தினருக்கு நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அது வெறும் விருந்து கொடுப்பவரின் முகம்.

அடுத்த நாள் காலை மௌலா அலியில் மாப்பிள்ளை வீட்டில் சத்தியநாராயண விரதம். ஆட்டோவில் போகும்போது சிவகுமார் மெதுவாகத் தொடங்கினார்.

“ஹோமத்துல எடுத்தியே, கண்ணு கலங்கின படம். அத முகூர்த்தத்துக்கு வெச்சிரலாம். துணிமணி எல்லாம் ஒண்ணுதான.”

“அது புகைங்க.”

“படத்துல புகை தெரியாது. அந்தப் புள்ள ஆயுசுக்கும் சந்தோசமா இருக்கும். இதுல யாருக்கு நட்டம்?”

அந்த யோசனை என்னையும் ஒரு கணம் இழுத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண்ணின் நிம்மதி ஒருபுறம். மறுபுறம், அவள் கேட்டது அழகான படம் அல்ல, ஒரு கேள்விக்கு விடை. அந்த விடையை எழுதும் உரிமை எங்களுக்கு யார் கொடுத்தது? நாளை அவர் உண்மையிலேயே மனத்தாங்கலில் இருப்பது தெரிந்தால், இந்தப் படத்தை நம்பி அவள் அதைக் கவனிக்காமலே போவாள். இதையெல்லாம் நான் உரத்த குரலில் சொல்ல, அவர் அதைவிட உரக்க மறுக்க, ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“லவ் மேரேஜ் க்யா?”

“நஹி, பெரியவங்க பாத்து வெச்சது” என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார் சிவகுமார்.

“ஃபிர் கைக்கு லட்தே?”

அப்படியானால் ஏன் சண்டை என்கிறார். காதலித்து மணந்தவர்களுக்கு மட்டுமே சண்டையிடும் உரிமை உண்டு என்பது அவர் கொள்கை போலும். அதற்குள் மௌலா அலிக் குன்றும் அதன் உச்சியிலுள்ள தர்காவும் தெரிந்தன, வீடு வந்துவிட்டது.

பூஜை முடிந்து எல்லோரும் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது தீபா என்னருகே வந்தாள். “காட்டுங்கக்கா.”

சிவகுமார் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிட்டேன்: தாலிதான் முகூர்த்தம் என்று நினைத்தோம், அந்த நிமிடத்தில் நான் அங்கே இல்லை, படம் இல்லை. ஹோமப் படத்தையும் காட்டி, இது புகை என்றேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“நீங்க சொல்லலைன்னா நம்பியிருப்பேன்க்கா” என்றாள். கோபிக்கவில்லை. அது இன்னும் கடினமாக இருந்தது. பிறகு விறுவிறுவென்று கூடத்துக்கு நடந்து, காபித் தம்ளரோடு உட்கார்ந்திருந்த தந்தையின் முன் நின்றாள்.

“அப்பா, நேத்து திரையை எடுக்கும்போது நீங்க எங்க பாத்திட்டு இருந்தீங்க?”

சங்கரன் தம்ளரைக் கீழே வைத்தார். எங்களைக் கை காட்டினார்.

“இவங்களைத்தாம்.”

“யாரை?”

“இந்தப் போட்டோக்காரத் தம்பியையும் அந்தம்மாவையும். அவரு கையை ஆட்டுதாரு, அந்தம்மா விரலை நீட்டுதாங்க, ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டே சண்டை போடுதாங்க. சத்தமே வரல.”

“உங்க பொண்ணு கல்யாணத்துல என்னைப் பாக்காம இவங்களையா பாத்தீங்க?”

“உன்னப் பாத்தா அழுதிருவேம்ட்டீ.” அவர் குரல் தணிந்தது. “ரெண்டு வருசம் வேண்டாம்னவன் அன்னைக்கு அழுதா, இஷ்டமில்லாமத்தான் அழுதாம்னு இவங்க வீட்ல நெனச்சிருவாங்கள்லா? எங்கயாவது பாக்கணும்லா. நல்லவேளை, இவங்க சண்டை போட்டாங்க.”

தீபா அவர் காலருகே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் தலை சாய்த்துக்கொண்டாள். தமிழ் புரியாத கிரண், “ஏமைந்தி மாமய்யா?” என்று, என்ன நடந்தது எனக் கேட்டான். சங்கரன் தெலுங்கில் தொடங்கினார். பாதியில் எழுந்து நின்று, சிவகுமார் கையை ஆட்டியதையும் நான் விரலை நீட்டியதையும் நடித்துக் காட்டினார். கிரண் சிரித்தான், கேள்வி கேட்டான், அவர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். மாமனாரும் மருமகனும் பேசிய முதல் நீண்ட பேச்சு, எங்கள் இல்லற வாழ்வைப் பற்றியது.

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பலன் இது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் பலனில் பாதியையாவது எங்கள் சண்டைக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. விளைவுகளை எடைபோட்டு நடப்பதே சரி என்று நம்புகிறவளுக்கு இது சங்கடமான கணக்கு. கரூரில் நாங்கள் மண்டபத்தில் சண்டையிட்டால் பார்த்தவர்கள் பார்க்காததுபோல் நாகரிகமாக நகர்ந்துவிடுவார்கள். ஐதராபாத்தில் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள், காரணம் கேட்கிறார்கள், நடித்துக்கூடக் காட்டுகிறார்கள். எது மேல் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சிவகுமார் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. திரும்பும் ரயிலில் எதிர் இருக்கைத் தம்பதியிடம் நடந்தது முழுவதையும் விரிவாகச் சொல்லிக்கொண்டு வந்தார், தம் பக்க நியாயத்தை மட்டும்.